பாட்டு இல்லாத வைஸ் சிட்டி

2003 கடைசியில் ஹைதராபாத் அமீர்பேட்டைக்கு ஜாவா படிக்கப் போன கூட்டத்தில் நானும் ஒருவன். மைத்ரிவனத்தைச் சுற்றி எந்தச் சுவரைப் பார்த்தாலும் பயிற்சி நிலையப் பலகை. பாடக்குறிப்பு ஜெராக்ஸ், புத்தகம் ஜெராக்ஸ், விண்டோஸ் சி.டி. நகல். அந்த ஊரில் அசல் என்று நான் தொட்டது இரானி சாயாவும் உஸ்மானியா பிஸ்கட்டும்தான்.

அறையில் நாலு பேர் காசு போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். உதிரிபாகங்கள் செகந்திராபாத் பார்க் லேனில், செனாய் டிரேட் சென்டரில் வாங்கியவை. அந்த முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் விழிப்பார், சி.டி.சி. என்றால் நேரே கொண்டுபோய் இறக்குவார். வீட்டுக்குச் சொன்ன காரணம் படிப்பு. கேம் வாங்கப் போனது கோட்டிப் பக்கத்து நடைபாதைக்கு. தார்ப்பாய் விரிப்பில் சி.டி.க்கள், கலர் ஜெராக்ஸ் அட்டையோடு. ஒன்று 60 ரூபாய், இரண்டாக எடுத்தால் 100. "ஓடுமா பாய்?" என்று கேட்டால், "ஹவ், ஓடும். ஓடலேன்னா கொண்டு வாங்க, மாத்தித் தர்றேன்" என்பார். மாற்றியும் கொடுப்பார். பில்லோடு வாங்கிய எத்தனையோ பொருளுக்குப் பிற்காலத்தில் எனக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

அவரிடம் வாங்கியதுதான் ஜி.டி.ஏ. வைஸ் சிட்டி. அசல் இரண்டு சி.டி.; பாய் கொடுத்தது ஒன்று. 'ரிப்' என்பார்கள். எந்த வண்டியில் ஏறினாலும் ரேடியோ பாடும் என்பதுதான் அந்த கேமின் உயிரே. இடம் போதவில்லை என்று அந்த ரேடியோவையே வெட்டி எறிந்திருந்தான் யாரோ ஒரு புண்ணியவான். 1986இன் மயாமியை அச்சாக வைத்துச் செய்த நகரத்தில் நாங்கள் ஊமைக் காரில் சுற்றினோம். பக்கத்து அறைக்காரரின் டேப்பில் ரஹ்மான் பாடியதுதான் எங்களுக்குப் பின்னணி இசை.

அசல் வாங்கியிருக்கலாமே என்று இன்று யாரும் கேட்கலாம். அசல் கண்ணில் படுவதே அபூர்வம். பட்டாலும் விலை என் பங்கு அறை வாடகையைத் தாண்டும். சட்டம் என்னவோ இருந்தது. 1994இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தின்படி, தெரிந்தே திருட்டு மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது ஏழு நாள் சிறை, 50,000 ரூபாய் அபராதம். நாலு பேருக்கும் சேர்த்தால் இரண்டு லட்சம். அப்படி ஒரு சட்டம் இருப்பதாக அமீர்பேட்டையில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

பின்னாளில் பெரிய கம்பெனிகள் ஒப்பாரியே வைத்தன. கணினி கேம் ஆடுபவர்களில் நூற்றுக்கு 93 முதல் 95 பேர் காசு கொடுப்பதில்லை என்று 2012இல் யூபிசாஃப்ட் தலைவர் இவ் கிய்மோ சொன்னார். அடுத்த ஆண்டு 'கேம் டெவ் டைகூன்' செய்த அண்ணன் தம்பி இருவர் ஒரு வேலை பார்த்தார்கள். தங்கள் கேமின் திருட்டுப் பிரதியைத் தாங்களே டோரண்டில் போட்டார்கள். அதில் ஆடுபவர் நடத்தும் கற்பனை கேம் கம்பெனி, திருட்டுப் பிரதிகளால் திவாலாகும். முதல் நாளில் காசு கொடுத்தவர்கள் 214 பேர். கொடுக்காதவர்கள் 3,100க்கும் மேல். அந்தக் கொடுக்காதவர்கள், 'என் கேமை எல்லோரும் திருடுகிறார்களே, தடுக்க வழியில்லையா?' என்று முறையிட்டதுதான் உச்சம்.

ஹைதராபாத்தும் அந்தச் சந்தையில் கடை விரித்துப் பார்த்தது. 2008இல் இந்தி 'கஜினி' வந்தபோது, இந்த ஊர் எஃப்.எக்ஸ். லேப்ஸ் அதைக் கணினி கேமாகச் செய்தது. இந்தியாவின் முதல் உண்மையான முப்பரிமாண கணினி கேம் என்று விளம்பரம். நம்ம ஊர் முருகதாஸின் கதை, தெலுங்கு மண்ணில் கேம் ஆனது. பதினைந்து நிமிடத்தில் எல்லாம் மறந்துபோகும் நாயகனைப் போலவே, அந்த கேமையும் ஊர் மறந்துவிட்டது. அதற்குத் திருட்டு காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கேமுக்குக் காசு கொடுப்பது என்ற பழக்கமே அப்போது எங்களிடம் இல்லை.

போன வருடம் கோட்டிக்குப் போயிருந்தேன். பாய் இருந்த இடத்தில் மொபைல் உறைகள் தொங்குகின்றன. எந்தப் போலீசும் அவரை விரட்டியிருக்காது; இணையத்தில் வந்த கடைகள்தான் விரட்டியிருக்கும். நான் அவரிடம் ரிப் வாங்கிய அதே 2003இல் வால்வ் கம்பெனி தொடங்கிய ஸ்டீம் என்ற இணைய கேம் கடை, 2015 நவம்பரில் ரூபாயில் விலை போட்டது. 2017இல் இந்த ஊரில் ஆக்ட் நிறுவனம் விநாடிக்கு ஒரு கிகாபிட் இணையம் கொடுத்தது. 2020 மே, ஊரடங்கு நேரம், ஜி.டி.ஏ. 5ஐ எபிக் கம்பெனி இனாமாகவே கொடுத்தது. கூட்டம் தாங்காமல் அவர்கள் கடையே படுத்துவிட்டது. வேலொரண்ட், டோட்டா 2 மாதிரி கேம்களில் திருட எதுவுமில்லை. அவை நுழைவுக்குக் காசு கேட்பதில்லை, ஆட்டத்துக்குள் போடும் அலங்காரத்துக்குத்தான் கேட்கின்றன. செத்துவிடும் என்றார்களே, அந்தக் கணினி கேம் உலகில் 2025 மார்ச்சில் ஸ்டீமில் மட்டும் ஒரே நேரத்தில் நாலு கோடிப் பேர் இருந்தார்கள்.

திருட்டு ஒழிந்ததா? அதுதான் இல்லை. 2014 முதல் பெரிய கேம்களுக்கு டெனுவோ என்ற பூட்டு. அதை உடைக்கத் தெரிந்தவர்கள் சொற்பம் என்பதால் இன்றைய பாய்மார்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு கேமை அசலாக வாங்கி, அந்த ஸ்டீம் கணக்கையே சில நூறு ரூபாய்க்குப் பலருக்கும் 'ஆஃப்லைன்' என்று விற்கிறார்கள். கடை டெலிகிராமில், காசு யு.பி.ஐ.யில். டெனுவோ ஒரு கணக்கை ஒரு நாளில் ஐந்து புதிய கணினிகளில்தான் திறக்கவிடும். ஆகவே, "இன்னிக்கு அஞ்சு முடிஞ்சுது, நாளைக்கு வாங்க" என்று பதில் வரும். ரேஷன் கடை தோற்றது. புது கேமின் விலை மறுபடி நாலாயிரம், ஐந்தாயிரம் என்று ஏறியிருக்கையில் இந்த வரிசை குறையும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிய கம்பெனிகளுக்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. வைஸ் சிட்டியை வெளியிட்ட ராக்ஸ்டார் 2010இல் ஸ்டீமில் விற்ற 'மேக்ஸ் பெய்ன் 2'க்குள் ஒரு திருட்டுக் குழுவின் முத்திரை அப்படியே கிடந்தது. தங்கள் கேமின் பூட்டைத் திறக்க, திருடர் செய்த கள்ளச்சாவியையே போட்டு விற்றிருந்தார்கள். எனக்கு உறுத்துவது 'அசுரா'. 2017இல் இதே ஹைதராபாத்தின் ஓகர் ஹெட் ஸ்டூடியோ, ஒரு சிறு குழு, செய்து ஸ்டீமில் விட்ட கேம். டெனுவோ வாங்க வசதி கிடையாது, இனாமாகக் கொடுத்து அலங்காரத்தில் காசு பார்க்கவும் வழியில்லை. அமீர்பேட்டை அறையில் எங்களோடு ஊமைக் காரில் சுற்றியவர்களில் இரண்டு பேர் பின்னால் கேம் செய்யும் தொழிலுக்கே போனார்கள். அவர்களிடம் அந்த ரிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் சிரிப்பு வருகிறது, முழுதாக வருவதில்லை.

சம்பளம் வந்தபின் ஸ்டீம் தள்ளுபடியில் வைஸ் சிட்டியை ரூபாய் கொடுத்து வாங்கினேன். காரில் ஏறினேன், ரேடியோ பாடியது. ஆனால் பாடல் உரிமம் முடிந்துபோனதால், மைக்கேல் ஜாக்சன் பாட்டு உட்படச் சிலவற்றைக் கம்பெனியே 2012இல் வெட்டியிருந்தது. 2021இல் பழைய கேமையே ஸ்டீம் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பே வாங்கியதால் என் கணக்கில் இருக்கிறது. பாயின் சி.டி. ஊரில் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது, போட்டுப் பார்க்க என் கம்ப்யூட்டரில் டிரைவ் இல்லை. முழுப் பாட்டோடு அந்த ஊரை நான் இன்றுவரை சுற்றியதில்லை.