டிஸ்க்கில் எழுதும் வேகம் குறைகிறதா? ஃபார்மட் செய்யாதீர்கள்!

சிவகாசியில் என் மாமா டி.டி.பி. வேலை செய்கிறார். பட்டாசு லேபிள், தினசரிக் காலண்டர் டிசைன்கள்தான் அவர் தொழில். அந்த ஊரில் ஆடி 18 அன்று புதிய காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அதற்குச் சில நாட்கள் முன்பு போன் செய்தார்.

"மாப்ளே, அச்சகத்துக்குக் குடுக்க வேண்டிய டிசைனை வெளி டிஸ்க்குல காப்பி பண்றேன், நகரவே மாட்டேங்குது. டிஸ்க் போயிருச்சு போல. ஃபார்மட் அடிச்சிரட்டா?"

பதறிவிட்டேன். பழைய டிசைன்கள் எல்லாம் அந்த ஒரே டிஸ்க்கில்தான் இருந்தன. "மாமா, எதையும் தொடாதீங்க. சாயங்காலம் வந்துர்றேன்" என்று சொல்லி, விருதுநகரிலிருந்து பஸ் ஏறினேன்.

அவருடைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருந்தது. வேகம் நொடிக்கு 5 எம்.பி. மட்டுமே. 8 ஜி.பி. கோப்புகளை எழுத சுமார் 27 நிமிடங்கள்! அதே டிஸ்க்கைப் பக்கத்து விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால் 30 எம்.பி. வந்தது. ஆக, டிஸ்க்கில் பழுது இல்லை.

காரணம் என்ன?

டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைக்கு ஃபைல் சிஸ்டம் என்று பெயர். மாமாவின் டிஸ்க்கில் இருந்தது என்டிஎஃப்எஸ். மைக்ரோசாப்ட் 1993-ல் விண்டோஸ் என்டி-யுடன் கொண்டு வந்தது. இதை லினக்ஸ் புரிந்துகொள்ள ஒரு டிரைவர் வேண்டும். 2007-ல் நிலையான பதிப்பாக வெளியான என்டிஎஃப்எஸ்-3ஜி அப்படிப்பட்ட டிரைவர். இது லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வெளியே இயங்குகிறது. எழுத வேண்டிய தகவல் கெர்னலிலிருந்து இதற்கு வந்து, பிறகு டிஸ்க்குக்குப் போக வேண்டும். அதுவும் 4 கே.பி. துண்டுகளாக. அச்சகத்தில் பேப்பரைக் கட்டாகத் தூக்காமல் ஒவ்வொரு தாளாகச் சுமப்பது போலத்தான்!

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். யு.எஸ்.பி. 3 டிஸ்க்கை யு.எஸ்.பி. 2 போர்ட்டில் மாட்டினாலும் வேகம் குறையும்.

2. காப்பி ஆகும்போது லினக்ஸின் சிஸ்டம் மானிட்டரைத் திறந்து பாருங்கள். மவுண்ட்.என்டிஎஃப்எஸ் என்ற புரோகிராம் பிராசசரை அதிகம் பயன்படுத்தினால், தாமதம் டிரைவரில்தான்.

3. டிஸ்க்ஸ் என்ற புரோகிராமில் உங்கள் பார்டிஷனைத் தேர்ந்தெடுத்து, எடிட் மவுண்ட் ஆப்ஷன்ஸ் செல்லுங்கள். அங்கே ஏற்கெனவே உள்ள சொற்களுக்குப் பின் கமா இட்டு, பிக் ரைட்ஸ் என்பதை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில், இரண்டு சொற்களுக்கும் நடுவே அடிக்கோடு வைத்துச் சேருங்கள். டிஸ்க்கைக் கழற்றி மீண்டும் இணையுங்கள். இனி ஒரே நடையில் பொதுவாக 128 கே.பி. வரை போகும். இந்தச் சொல் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவருக்கு உரியது.

4. 2021-ல் வந்த 5.15 முதல், லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே என்டிஎஃப்எஸ்3 என்ற டிரைவர் சேர்ந்துள்ளது. புதிய லினக்ஸ் பதிப்பு வைத்திருப்பவர்கள், முக்கியக் கோப்புகளுக்கு வேறு நகல் எடுத்துக்கொண்டு இதை முயன்று பார்க்கலாம்.

5. டிஸ்க்கில் எழுதவே முடியவில்லை என்றால் அது வேறு பிரச்சினை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியை நிறுத்தி, முழுமையாக ஷட் டவுன் செய்துவிட்டு வாருங்கள்.

மூன்றாவது வழியிலேயே மாமாவுக்கு 20 எம்.பி. வேகம் கிடைத்தது. ஏழு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது.

முடிந்தது என்று திரையில் வந்தவுடன் மாமா கேபிளில் கை வைத்தார். "இருங்க மாமா!" என்று தடுத்தேன். கடைசிப் பகுதி இன்னும் மெமரியில் காத்திருக்கலாம். எஜெக்ட் கொடுத்து, அது முடிந்த பிறகே டிஸ்க்கைக் கழற்ற வேண்டும். நீங்களும் இதைப் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். வேகம் குறைந்தால் நேரம்தான் போகும். அவசரப்பட்டு ஃபார்மட் செய்தாலோ கேபிளைப் பிடுங்கினாலோ கோப்பே போய்விடும்.