ஊர்ப்பெயர் வழக்கு – 14: அம்மன் எழுப்பிய ஆட்சேபம்

ரிஷிகள் வந்தித்த தலம் ரிஷிவந்தியம் என்ற தலபுராணக் கணக்கும், அர்த்தநாரீஸ்வரர் கோயில் தேனபிஷேகமும் சென்ற வாரமே வந்துவிட்டன, திரும்பச் சொல்வதாயில்லை. இந்த வாரம் மிச்சக் கேள்வி. பெயரில் ஒரு 'ஷி' உட்கார்ந்திருக்கிறதே, அதைத் தமிழாக்கிவிடலாமா? கூடாது என்பது என் கட்சி. வேர்ச்சொல் எந்த மொழி என்று பார்த்து ஊர்ப்பெயரில் கை வைப்பதில் நியாயமில்லை. இப்போதைய பெயருக்கு முன்பு வேறொரு பெயர் வழங்கியதா, அதற்குச் சான்று உண்டா, அந்தப் பெயரை அகற்றியது எது என்பவைதான் பார்க்க வேண்டியவை.

சான்றுள்ள வழக்கு அதிக தூரத்தில் இல்லை. விருத்தாசலத்துக்குத் தேவாரத்தில் முதுகுன்றம் என்று பெயர். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். சுந்தரர் இங்கே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததாகப் பெரியபுராணம் சொல்லும். 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்று இன்றும் நாம் அடிக்கும் கிண்டலின் பூர்வீகம் இதுதான். முது விருத்தமாகி, குன்றம் அசலமாகி, சுவாமிக்கும் விருத்தகிரீஸ்வரர் என்ற பெயர் வந்தது. ஆனால் பழமலைநாதர் என்ற தமிழ்ப் பெயரையும் அவர் விடவில்லை. பதவி பறிபோனது ஊருக்கு மட்டும். இதில் எனக்குப் பிடித்தது அம்மன் கதை. சிதம்பரத்துக்குப் போகிற வழியில் இங்கே தங்கிய குரு நமசிவாயர், பசி தாங்காமல் அம்மனைக் கிழத்தி என்று விளித்துச் சோறு கேட்டுப் பாடினாராம். கிழவியாகவே வந்து நின்ற அம்மன், 'கிழவி எப்படியப்பா சோறு கொண்டுவருவாள்?' என்று மடக்கினாளாம். அவர் இளமை தோன்ற மாற்றிப் பாடியதும் இளம்பெண்ணாக வந்து அன்னமிட்டாளாம். விருத்தாம்பிகையோடு பாலாம்பிகைக்கும் அங்கே சந்நிதி இருப்பதற்கு இதைக் காரணமாகச் சொல்கிறார்கள். பெயர் மாற்றக் கோரிக்கைகளில் மனுதாரர் தெய்வமாகவும், தீர்ப்பு அன்றைக்கே கிடைத்ததாகவும் வேறு வழக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

'விருத்தாசலமும் பல தலைமுறை வழங்கிய பெயர்தானே, அதை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்?' என்று கேட்பார்கள். பழக்கத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் அதுவே முடிந்த முடிவல்ல. மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை ஆனபோது அரசு புதுப் பெயரைச் சூட்டவில்லை, பதிகத்தில் இருந்ததை எடுத்துக்கொடுத்தது. பெரியவர்கள் இன்னமும் மாயவரம் என்கிறார்கள், யாருக்கும் நஷ்டமில்லை. கல்லக்குடியிலும் அப்படித்தான். ஆலை அதிபரின் பெயரால் டால்மியாபுரம் என்றானதை எதிர்த்து 1953 ஜூலையில் கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தபோது, திருப்பிக் கேட்க ஒரு பழம்பெயர் கையில் இருந்தது. ரிஷிவந்தியத்துக்கு அப்படி ஒன்றைக் கல்வெட்டிலோ பதிகத்திலோ எடுத்துக் காட்டுகிறவருக்கு நானே வக்காலத்து வாங்குகிறேன். காட்டாமல், ரிஷியை முனிவராக்கி, வந்தியத்தை வணக்கமாக்கி ஒரு பெயர் செய்தால், முதுகுன்றத்தை விருத்தாசலமாக்கியவர்கள் செய்த அதே வேலையைத் திசைமாற்றிச் செய்கிறோம். 2011-இல் விஜயகாந்தைச் சட்டமன்றத்துக்கு அனுப்பி எதிர்க்கட்சித் தலைவராக்கிய தொகுதி இந்தப் பெயரில்தான் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. கிரந்த எழுத்து உறுத்துகிறது என்பவர்கள் ரிசிவந்தியம் என்று எழுதிக்கொள்ளட்டும். அது எழுத்து விவகாரம், பெயர் விவகாரமல்ல.

எழுத்து என்றதும் 2020 ஜூன் ஞாபகம் வருகிறது: 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியான அரசாணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. அதற்குத் தனி அத்தியாயம் வேண்டும். இந்த வாரம் ஏறுவதாகச் சொல்லியிருந்த கல்வராயன் மலையின் மூன்று ஜாகீர்களும் அடுத்த வாரம்.