ஒரு டாலர் வேறுபாடு

கைப்பேசியையோ கணிப்பொறியையோ திறந்து பார்த்தால் உள்ளே சிலிக்கன் சில்லுகள் இருக்கும். சில்லின் மேல் ஒரு கம்பெனியின் பெயர் பொறித்திருக்கும். அதைச் செய்த தொழிற்சாலையோ பெரும்பாலும் வேறொருவருடையது. இந்த ஏற்பாட்டைத் தனித் தொழிலாக நிலைநாட்டியவர் மோரிஸ் சாங் என்னும் பொறியாளர். தேர்வு முடிவை எண்ணி அஞ்சும் நம் போன்றோருக்கு அவர் வரலாறு சுவையானது.

1931-இல் சீனாவின் நிங்போ நகரில் பிறந்தார். போர் துரத்த, ஊர் ஊராக மாறியது இளமைக் காலம். 1949-இல் ஹார்வர்டில் சேர்ந்தார்; மறு ஆண்டே மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு மாறி, இயந்திரப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் வரை பெற்றார். டாக்டர் பட்டத்துக்கான தகுதித் தேர்வில் தோற்றார். மீண்டும் எழுதினார், மீண்டும் தோற்றார். அத்துடன் அங்கே கதவு மூடிற்று.

வேலை தேடினார். ஃபோர்டு மோட்டார் கம்பெனி மாதம் 479 டாலர் தருவதாகச் சொன்னது. சில்வேனியா என்னும் கம்பெனி 480 டாலர். ஃபோர்டில் சேரவே அவருக்கு விருப்பம். சற்றுக் கூட்டித் தருவீர்களா என்று கேட்டார், மறுத்துவிட்டார்கள். ரோஷம் வந்துவிட்டது. 1955-இல் சில்வேனியாவின் குறைகடத்திப் பிரிவில் சேர்ந்தார். சேர்ந்தாரே தவிர, குறைகடத்தியைப் பற்றி அவர் படித்ததில்லை! ஷாக்லியின் நூலை வைத்துக்கொண்டு இரவுகளில் தாமே கற்றார்.

1958-இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனிக்குப் போனார். ஐ.பி.எம். கம்பெனிக்காக ஒரு டிரான்சிஸ்டரைச் செய்துதரும் பொறுப்பு. நூறு செய்தால் எத்தனை தேறும் என்பதுதான் இத்தொழிலின் உயிர்நிலை. உலையின் வெப்பம் சற்றுப் பிசகினாலும், வாயுவின் அழுத்தம் மாறினாலும் எல்லாம் குப்பைக்கூடைக்கே. அங்கே ஏறக்குறைய ஒன்றுமே தேறாத நிலை. சாங் வெப்பத்தையும் அழுத்தத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார். சில மாதங்களில் நூற்றுக்கு இருபதுக்கு மேல் தேறின. மேலதிகாரிகள் கண் திறந்தது. முழுச் சம்பளத்துடன் ஸ்டான்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள். 1964-இல், முன்பு கைநழுவிய டாக்டர் பட்டம் மின்பொறியியலில் கிடைத்தது.

பிறகு படிப்படியாக உயர்ந்து, அக்கம்பெனியின் குறைகடத்தித் தொழில் முழுவதற்கும் தலைவரானார். செய்யச் செய்யக் கை பழகும், செலவு குறையும். ஆகவே விலையை முன்கூட்டியே குறைத்துச் சந்தையைப் பிடிக்கலாம் என்பது அவர் கணக்கு. 1983-இல் அங்கிருந்து விலகினார்.

1985-இல் தைவான் அரசு தன் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்கு அவரை அழைத்தது. சில்லுத் தொழில் ஒன்றைத் தொடங்கித் தருமாறு அமைச்சர் லி குவோ-திங் கேட்டார். தைவானுக்கு ஆராய்ச்சியில் வலுவில்லை. வடிவமைப்பிலும் விற்பனையிலும் இல்லை. செய்து தருவதில் மட்டும் வலுப்பெற முடியும். அப்படியானால் செய்து மட்டும் தருவோமே என்று துணிந்தார். அதுவரை, சில்லை வடிவமைத்த சிறு கம்பெனிக்காரர் அதைச் செய்து வாங்கத் தம் போட்டியாளரின் தொழிற்சாலையையே அண்டி நிற்க வேண்டியிருந்தது. சொந்தச் சரக்கு எதையும் விற்காத தொழிற்சாலையிடம் அந்த அச்சம் இல்லை.

யோசனை எளிது, பணம்தான் எளிதில் கிடைக்கவில்லை. இன்டெல் கைவிரித்தது, பழைய கம்பெனியும் கைவிரித்தது. டச்சு நாட்டு ஃபிலிப்ஸ் கால் பங்குக்குச் சற்று மேல் ஏற்றுத் தொழில்நுட்பமும் தந்தது. ஏறத்தாழப் பாதி முதல் தைவான் அரசுடையது. தனிமனித வெற்றி என்று மட்டும் இதைப் புகழ்வோர் அரசின் பங்கை மறந்துவிடுகிறார்கள் என்பது என் கருத்து. 1987-இல் டி.எஸ்.எம்.சி. என்னும் கம்பெனி ஹ்சின்சூ நகரில் பிறந்தபோது சாங்குக்கு வயது 55. பலர் ஓய்வூதியத்தைக் கணக்கிடும் பருவம்!

2005-இல் தலைமை நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகினார். 2009-இல், பொருளாதார நெருக்கடியில் ஊழியர்கள் சிலர் வேலை இழந்த நிலையில், 77-ஆம் வயதில் அதே நாற்காலிக்குத் திரும்பினார். வெளியே அனுப்பப்பட்டவர்களைத் திரும்ப அழைத்தார். மற்றவர்கள் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த வேளையில் புதிய தொழிற்சாலைகளில் பணத்தைக் கொட்டினார். கைப்பேசிகள் பெருகியபோது சில்லு செய்யும் இடம் ஆயத்தமாக இருந்தது. 2018-இல், 86 வயதில், ஓய்வு பெற்றார்.