நாக்கில் நின்ற கசப்பு

ஒஸ்லோவின் அம்மருட்டில் ஒரு டிசம்பரில் நித்திரைக் குளிசை எடுக்கத் தொடங்கினேன். முதலில் வந்தது நித்திரையல்ல, கசப்பு. இரவில் விழுங்கியது, காலைத் தேத்தண்ணியிலும் உலோகச் சுவையாக நின்றது. சொப்பிக்லோன் என்ற இந்தக் குளிசையை எடுத்த பலருக்கும் இது தெரியும். குடலால் இரத்தத்துக்குள் போன மருந்து எச்சிலில் ஊறி வாய்க்கே திரும்பி வருகிறது. எத்தனை முறை பல் விளக்கினாலும் போகாது.

நித்திரை கெட்டதற்கு வெளிச்சமும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் வித்தியாசம். ஒஸ்லோவில் டிசம்பர்ப் பகல் ஆறு மணி நேரம்கூட இல்லை. ஜூனிலோ ஏறத்தாழ பத்தொன்பது. விழித்திரையில் உருவங்களைக் காண்பதற்கென்றில்லாமல் வெளிச்சத்தை அளப்பதற்கென்றே சில கலங்கள் உண்டு. அவை அனுப்பும் செய்தியை வைத்துத்தான் மூளை தன் மணிக்கூட்டைத் திருத்துகிறது. இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புகிறவருக்கு அந்தச் செய்தி சரியாகக் கிடைப்பதில்லை. அதோடு ஊர் நினைப்பும் பதகளிப்பும் சேர்ந்துகொண்டால், விடியும்வரை தே-பான் ரயிலின் ஓசையை எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

குளிசை நித்திரையைக் கொண்டுவந்து தருகிறது என்றே நான் நம்பியிருந்தேன். அது அப்படியல்ல. மூளை தன்னைத் தானே அடக்குவதை அது கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். மூளையைக் கிளறிவிடும் முதன்மைப் பொருள் குளுட்டமேற்று. அஜினோமோட்டோவில் இருப்பதும் அதுதான். அதிலிருந்து ஒரேயொரு காபனீரொட்சைட்டு மூலக்கூற்றை ஒரு நொதியம் கழற்றிவிட்டால் காபா என்ற பொருள் கிடைக்கும். மூளையை அடக்குவது அது. முடுக்கியிலிருந்தே பிரேக்கைச் செய்துகொள்ளும் இந்தச் சிக்கனத்தை எண்ணி நான் இன்னும் வியக்கிறேன். காபா வந்து ஒட்டினால் நரம்புக் கலத்தில் ஐந்து புரதத் துண்டுகளால் ஆன ஒரு வாசல் திறக்கும், குளோரைட்டு உள்ளே பாயும், கலம் அடங்கும். வாலியம் போன்ற மருந்துகள் இந்த வாசலைத் தாமாகத் திறப்பதில்லை. காபா தட்டும்போது அது அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. சொப்பிக்லோன் வேறு குடும்பத்து மருந்து, ஆனால் கை வைப்பது அதே வாசலில்தான்.

லியோ ஸ்டேர்ன்பாக் என்ற வேதியியலாளர் அமெரிக்காவில் ரோஷ் ஆய்வகத்தில் செய்து ஒதுக்கி வைத்த ஒரு பொருள், 1957இல் மேசையைத் துப்பரவாக்கும்போது மறுபடி கையில் அகப்பட்டது. 1960இல் அது லிப்ரியமாகவும், 1963இல் அதன் தம்பி வாலியமாகவும் கடைக்கு வந்தன. மூளையில் இவை எங்கே போய் ஒட்டுகின்றன என்பது தெரிய வந்தது 1977இல்தான். அதைக் கண்டவர்களில் பிரேஸ்ட்ரப்பும் ஸ்குவயர்ஸும் பக்கத்து டென்மார்க்கில் வேலை செய்தவர்கள். பதினேழு வருடமாகக் கோடிக்கணக்கானோர் விழுங்கியது மூளையில் எங்கே ஒட்டுகிறது என்று தெரியாமலே இருந்தது.

மூளை இம்மருந்துகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதில்லை. தினமும் அடக்கப்பட்டால், அந்த வாசல்கள் மருந்துக்கு மசிவதைக் குறைத்துக்கொள்கின்றன. கிளறும் பக்கம் வலுக்கிறது. திடீரென்று நிறுத்தினால் பிரேக் தேய்ந்து முடுக்கி மட்டும் மிஞ்சும். பழையதைவிட மோசமான பதகளிப்பு, நித்திரையின்மை, நெடுநாள் எடுத்தவர்களுக்குச் சில வேளை வலிப்புக்கூட வரும். இதை மனப் பலவீனம் என்று சொல்லும் நம்மவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. இது கலங்களின் கணக்கு. நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சை நிலையம் நடத்திய ஹெதர் ஆஷ்டன் சொன்ன வழி, மெல்ல மெல்லக் குறைப்பது. மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும் என்பதையும் வீட்டில் உள்ளவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

நோர்வேயில் இம்மருந்துகளின் பெட்டியிலேயே சிவப்பு முக்கோணம் இருக்கும், வாகனம் ஓட்டுவதில் கவனம் என்று. 2012 முதல் மதுவுக்குப் போலவே இம்மருந்துகள் பலவற்றுக்கும் இரத்த அளவு வரம்புகள் சட்டத்தில் உள்ளன.

இரண்டு கிழமைக்கென்று தந்ததை நான் நாலு மாதம் இழுத்திருந்தேன். வைத்தியரோடு கதைத்து, பாதி, பிறகு கால் என்று குறைத்தேன். படுக்கையில் புரளாமல் எழுந்து குந்துவது, எந்த இரவானாலும் ஒரே நேரத்தில் விழிப்பது, காலை வெளிச்சத்தில் நடப்பது எல்லாம் அப்போதுதான் பழகினேன். ஒன்றும் எடுக்காத முதல் இரவில் மூன்று மணி நேரம்தான் கண் அயர்ந்தேன். காலையில் தேத்தண்ணி தேத்தண்ணியாக இருந்தது.