நிற்கும் மின்சாரமும் ஓடும் மின்சாரமும்

பம்புசெட்டை இயக்குவதும் மின்சாரம். வானத்தில் மின்னுவதும் மின்சாரம். முன்னது கம்பியில் ஓடும் மின்சாரம். பின்னது மேகத்தில் தேங்கி நிற்கும் நிலை மின்சாரத்தால் உண்டாவது. இரண்டின் தன்மையையும் விவசாயிகள் அறிந்திருந்தால் உயிர்ச்சேதத்தைத் தவிர்க்கலாம்.

உலர்ந்த தலைமுடியை பிளாஸ்டிக் சீப்பால் வாரி, அதைக் காகிதத் துணுக்கின் அருகே கொண்டு சென்றால் துணுக்கு வந்து ஒட்டிக்கொள்ளும். உராய்வினால் சீப்பில் தேங்கிய மின்சாரமே இதற்குக் காரணம். மேகத்தினுள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதும்போது இதுவே பெருமளவில் நிகழ்கிறது. ஏரி நிரம்பிக் கரை உடைவதுபோல், தேக்கம் அளவு மீறியதும் நிலத்தை நோக்கிப் பாய்வதையே இடி விழுவது என்கிறோம். கண்ணிமைக்கும் நேரமே நீடித்தாலும் அதில் சுமார் 30,000 ஆம்பியர் பாயும்.

தனி மரத்தில் இடி விழுந்தால் மின்சாரம் தரையில் நாற்புறமும் பரவும். மாட்டின் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடைவெளி அதிகம். ஒரு கால் வழியே ஏறும் மின்சாரம் இதயத்தைக் கடந்து மறுகால் வழியே இறங்குகிறது. மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் கூட்டமாக மடிவது இதனால்தான்.

ஓடும் மின்சாரம் வாய்க்கால் நீர் போன்றது. நீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். ஓட்டத்தைத் தடுப்பது மின்தடை; இதன் அளவு ஓம். ஈரமான உடலின் மின்தடை சுமார் 1,000 ஓமாகக் குறைந்துவிடும். அந்நிலையில் 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் 230 மில்லி ஆம்பியர் பாயும். அதில் பாதியே உயிரைப் பறிக்கப் போதுமானது.

எனவே மோட்டாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டிக்கும் தவறாமல் எர்த் கம்பி இணைக்க வேண்டும். கோடையில் எர்த் குழிக்கு நீர் ஊற்றி ஈரம் காத்தல் அவசியம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பான் பொருத்துவது நல்லது. ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது. மின்சாரம் தாக்கியவரை வெறுங்கையால் இழுக்கக்கூடாது; முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும்.

மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடியோசை கேட்டால் இடி 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று பொருள். உடனே வேலையை நிறுத்திக் கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். வழியில்லையேல் மரத்தையும் மின்கம்பத்தையும் விட்டு விலகி, கால்களைச் சேர்த்துக் குந்தியிருக்கலாம், தரையில் படுக்கக்கூடாது. மாடுகளை மரத்தடியில் கட்டாதிருப்பதும் நலம்.