வரைவியற் செயலியும் விஞ்ஞானக் கணிப்பும்: கற்றல் பற்றிய ஒரு குறிப்பு

ஜி.பி.யூ. எனப் பரவலாக வழங்கும் வரைவியற் செயலி, கணனி விளையாட்டுக்களின் படங்களைத் திரையில் விரைந்து தீட்டும் பொருட்டே சந்தைக்கு வந்தது. அதனைத் தம் தேவைக்குப் பயன்படுத்த முற்பட்ட விஞ்ஞானிகள், ஆரம்பத்தில் தமது சமன்பாடுகளுக்குப் பட வேடமிட்டே அதனுட் செலுத்த வேண்டியிருந்தது. எண்கள் நிறங்களாகின, விடை படப்புள்ளிகளிலிருந்து மீட்கப்பட்டது. 2007இல் என்விடியா நிறுவனம் வெளியிட்ட ‘கூடா’, சி மொழியின் விரிவாக அமைந்து, இவ்வேடத்தைத் தேவையற்றதாக்கிற்று. இன்று இதனைக் கற்கப் புகும் மாணவர், புதிய கட்டளைச் சொற்களைப் பயில்வதே தம் பணி என எண்ணக்கூடும். உண்மையில் அவர் கற்பது வேலைப்பிரிவினையின் ஒரு வடிவத்தையே என்பது நமது கருத்து.

உலோகத் தகடொன்றில் வெப்பம் பரவுவதைக் கணிப்பதாகக் கொள்வோம். தகட்டை 1024 நிரைகளும் 1024 நிரல்களுமாகப் பிரித்தால் 1,048,576 புள்ளிகள் கிடைக்கும். வழமையான செய்நிரல் ஒரு புள்ளியை முடித்தபின் அடுத்ததற்குச் செல்லும். வரைவியற் செயலியிலோ புள்ளிக்கு ஓர் இழையென வேலை பகிரப்படும். ஒவ்வோர் இழையும் நான்கு அயற்புள்ளிகளின் பழைய வெப்பநிலையை வாசித்துப் புதியதை எழுதும். எந்த இழை முந்தும் என எவராலும் உறுதிகூற இயலாது. எனவே பழைய பெறுமானங்களுக்கு ஓர் அணியும் புதியவற்றுக்கு வேறோர் அணியும் வேண்டும். ஒரே அணியில் எழுதினால், சில இழைகள் பழைய பெறுமானத்தையும் சில புதியதையும் வாசித்து விடை பிழைத்துவிடும்.

இவ்விழைகள் தனித்தனியே இயங்குவனவுமல்ல. என்விடியாவின் செயலிகளில் 32 இழைகள் ஒரு தொகுதியாகச் செல்லும். அத்தொகுதிக்கு ‘வார்ப்’ என்று பெயர். நெசவாளரின் பாவே அது. (இயந்திர யுகத்தின் இக்கருவி தறியிடமிருந்து பெயரைக் கடன்வாங்கியிருப்பது சுவையானது.) நிபந்தனையொன்றினால் 16 இழைகள் ஒரு வழியும் ஏனைய 16 வேறு வழியும் பிரிந்தால், ஒரு சாரார் உழைக்க மறுசாரார் காத்திருப்பர். அடுத்தடுத்த இழைகள் நினைவகத்தின் அடுத்தடுத்த இடங்களை வாசிப்பின் தரவுகள் ஒருசேர வரும்; சிதறி வாசிப்பின் வேகம் வீழும். கூட்டுழைப்பின் ஆற்றல் தனியாற்றல்களின் வெறுங் கூட்டுத்தொகையன்று என மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற்பாகத்தில் (1867) விளக்கினார். உயிரற்ற இழைகளுக்கு அதனை அப்படியே பொருத்துவது மிகைதான். ஆயினும் வேலையை ஒழுங்கமைக்கும் முறையே இங்கும் விளைவைத் தீர்மானிக்கிறது.

இவ்வாறு பெறும் அறிவில் ஒரு பகுதி பொதுவானது. மறுபகுதி கம்பனியொன்றின் உடைமையைச் சார்ந்தது. ‘கூடா’ என்விடியாவின் செயலிகளுக்கென்றே ஆக்கப்பட்டது. பல உற்பத்தியாளருக்கும் பொதுவான ஓப்பன் சி.எல். நியமம் 2008இலேயே வெளிவந்தபோதும், ‘கூடா’வைச் சூழ வளர்ந்த நூலகங்கள் பல ஆய்வுகூடங்களை அதனோடு பிணைத்துள்ளன. சந்தையின் வகுப்புப் பிரிவு சில்லினுள்ளும் புகுந்துள்ளது. 2022இல் வந்த விளையாட்டு அட்டையான ஆர்.ரி.எக்ஸ். 4090இல், இரட்டைத் துல்லியக் கணிப்பின் வேகம் ஒற்றைத் துல்லிய வேகத்தின் 64இல் ஒரு பங்கே. அதே ஆண்டில் தரவு நிலையங்களுக்கென வந்த எச்100இல் அது பாதி, விலையோ பன்மடங்கு. வசதி குறைந்த பல்கலைக்கழகத்தின் ஆய்வாளருக்கு முன்னதே எட்டும். ஆதலின் எக்கணிப்புக்கு இரட்டைத் துல்லியம் இன்றியமையாதது, எதற்கு ஒற்றைத் துல்லியம் போதும் எனப் பகுத்தறிவதும் அவரது பாடத்தில் அடங்குகிறது.