ஆரல்வாய்மொழிக் காற்றும் வயல்நீரும்

சூரிய கிரணங்கள் ஆகாயவாயுவை நேரே சுடவைப்பது சொற்பமே. நிலமும் கடலும் முதலிற் சூடேற, அவற்றைத் தொட்ட வாயு பின்னர் வெப்பமுற்று மேலெழுகின்றது. ஆயினும் உஷ்ணத்தை வெகுதூரம் சுமந்து செல்வது நீராவியே. பனிக்கட்டிபோற் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொணர வேண்டிய உஷ்ணத்தினும் ஐந்து மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணம், அந்நீர் ஆவியாவதற்கு வேண்டும். அது ஆவியினுள் மறைந்திருக்கும்.

தென்மேற்குக் காற்று மலையேறிக் குளிர்ந்து மழை பொழிகையில், மறைந்திருந்த அவ்வுஷ்ணம் வாயுவில் வெளிப்படுகின்றது. ஈரத்தை மேற்கே இழந்த வாயு கிழக்கே இறங்கும்போது 1,000 மீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறும். 1906-ல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணைக்கு நீர் பெருகும் அப்பருவத்திலேயே, மகேந்திரகிரிக்குக் கிழக்கேயுள்ள பணகுடி வறண்டு கிடப்பதன் காரணம் இதுவாம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு விரையும் காற்றே முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுகின்றது. தோவாளைப் பக்கத்து வயல்நீரை உறிஞ்சுவதும் அதுவே. வயலில் நீருள்ளவரை, இலையினின்று ஆவியாகும் நீர் பயிரின் உஷ்ணத்தையும் கொண்டுபோகும். நீர் வற்றினாலோ இலை சூடேறிக் கருகும். பூக்குந் தறுவாயில் கதிர் பதராகும். ஆகையால் கன்னிப்பூப் பயிருக்கு முறைத் தண்ணீர் பங்கிடுவோர், கணவாய்க் காற்று படும் கடைமடை வயல்களைக் கடைசிக்கென ஒதுக்கலாகாது.